ஜாடிக்கு அடியில் செம்மண்

ஆய்வு நிறுவனத்தின் இரண்டாம் மாடியில் அவளை எல்லோரும் வண்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்குக்கூட யாரென்று தெரியாது. "வண்டக்காவா? படியேறி வலது பக்கம், ஸ்பிரிட் வாடை அடிக்கிற ரூம்" என்பார். அந்த அறையில் ஒரு மைக்ராஸ்கோப், ஒரு மேசை விளக்கு, கால் ஆடும் ஒரு நாற்காலி. சுவர் முழுக்க இழுப்பறைகள். எந்த இழுப்பறையை இழுத்தாலும் ஊசி குத்திய வண்டுகள் வரிசையாக நிற்கும்.

காட்டை வெட்டித் தோப்பு போட்டால், தோப்பை அழித்து வீடு கட்டினால், அந்த மண்ணில் இருந்த உயிர்களெல்லாம் என்ன ஆகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் அந்தப் பிரிவின் வேலை. பெரிய விலங்கு ஓடிவிடும், பறவை பறந்துவிடும், சாணி வண்டு மட்டும் ஏமாற்றாது என்பது பிரிவின் தலைவரான பேராசிரியரின் கட்சி. நிலத்தில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை விளிம்புவரை புதைப்பார்கள். உள்ளே சோப்புத் தண்ணீர். மேலே ஒரு உருண்டை சாணத்தைத் துணியில் கட்டித் தொங்கவிடுவார்கள். மறுநாள் கிண்ணத்தில் விழுந்து கிடக்கும் வண்டுகளை அள்ளி, ஆல்கஹால் ஊற்றிய ஜாடியில் போட்டு எடுத்து வருவார்கள். எது எந்த இனம், எத்தனை என்று பிரித்து எழுதுவது வண்டக்காவின் பொறுப்பு.

அவள் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. ஒரு பட்டம் வாங்கியதோடு சரி. தற்காலிக வேலைக்கு என்று வந்தவள், மைக்ராஸ்கோப்பில் கண் பதித்த பிறகு அங்கேயே ஒட்டிக்கொண்டாள். காலில் இருக்கும் ஒரு முள்ளின் வளைவைப் பார்த்தே இனத்தைச் சொல்லிவிடுவாள். வெளியூர் விஞ்ஞானிகள் வந்தால் பேராசிரியர் அவளைத்தான் முதலில் காட்டுவார். "புத்தகத்துல தேடிக்கிட்டு இருக்காதீங்க, இவங்ககிட்ட கேளுங்க."

எலக்ட்ரீசியனான அவள் கணவருக்கு இது தீராத வேடிக்கை. "என் பொண்டாட்டி சாராயத்துல வண்டை ஊறப்போட்டு, யாரு யாருன்னு மூஞ்சியப் பார்த்துச் சொல்லுவா. எனக்குப் பக்கத்து வீட்டு ரெட்டைப் பசங்கள்ல யாரு பெரியவன்னே இன்னும் தெரியல" என்று வேலைக்குப் போகிற வீடுகளில் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவளுக்கு ஒரே தம்பி. ஏழு வருடமாகக் காகிதக்கூழ் கம்பெனியின் நாற்றுப் பண்ணையில் மேற்பார்வையாளன். அதற்கு முன்னால் எதிலும் நிலைக்காதவன். அந்த வேலை கிடைத்த பிறகுதான் கல்யாணம், வீடு, வாசல் எல்லாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தால் கை கழுவும்போது ஒரு தடவையாவது சொல்வான்: "உன் வண்டு புண்ணியத்துலதான்க்கா எனக்கு வேலை."

கேலியாகச் சொன்னாலும் அது உண்மைதான். ஊருக்கு மேற்கே ஒரு மேட்டுநிலம் இருந்தது. ஆள் உயரப் புதரும் புல்லும் மண்டிக் கிடந்த இடம். கீழே தாழ்வில் கம்பெனியின் மரத்தோப்பு. மேட்டையும் தோப்பாக்க கம்பெனி அனுமதி கேட்டது. பத்து வருடத்துக்கு முன்னால் வண்டக்காவின் பிரிவு மேட்டில் ஆறு இடம், தோப்பில் ஆறு இடம் என்று பன்னிரண்டு இடங்களில் கிண்ணம் புதைத்துப் பார்த்தது. மேட்டில் முப்பத்தொரு இனம், தோப்பில் இருபத்தாறு. பெரிய வித்தியாசம் இல்லை, தோப்பிலும் வண்டுகள் சமாளித்துக்கொள்கின்றன என்று கட்டுரை வந்தது. அனுமதி கொடுக்கும் குழு அந்தக் கட்டுரையைப் பக்க எண்ணோடு குறிப்பிட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டது. வடக்குச் சரிவு ஒன்றைத் தவிர மேடு முழுவதும் தோப்பானது. அந்தத் தோப்புக்கு நாற்று வேண்டும், நாற்றுக்குப் பண்ணை வேண்டும், பண்ணைக்கு ஆள் வேண்டும். அப்படித்தான் தம்பிக்கு வேலை வந்தது.

இப்போது கம்பெனி அந்த வடக்குச் சரிவையும் கேட்டது. பேராசிரியர், பழைய தோப்பில் அதே ஆறு இடங்களில் மறுபடியும் கிண்ணம் புதைக்கச் சொன்னார். ஓர் ஆய்வு மாணவி, மெலிந்த உடம்பு, மூச்சுவிடாமல் பேசுகிறவள், ஐந்து மாதம் அலைந்து வண்டுகளைக் கொண்டுவந்தாள். வண்டக்கா பிரித்துக் கொடுத்தாள். ஒரு திங்கட்கிழமை மாணவி லேப்டாப்பைத் திறந்தபடியே அறைக்குள் ஓடிவந்தாள்.

"அக்கா, பதிமூணு இனம் காணோம்! இருபத்தாறுல பதிமூணு! சரிபாதி!"

பின்னாலேயே பேராசிரியரும் வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு களையை வண்டக்கா பார்த்து வருடக்கணக்காகியிருந்தது. "பத்து வருஷத்துல பாதி அழிஞ்சுபோச்சு. அன்னிக்கு சமாளிச்ச வண்டு இன்னிக்கு சமாளிக்கல. தோப்பு மெதுவாக் கொல்லுதுன்னு இதைவிடத் தெளிவா யாரும் காட்டினதில்லை. இது வெளிய வந்தா வடக்குச் சரிவு தப்பிச்சுது."

"எந்தப் பதிமூணு?" என்று கேட்டாள் வண்டக்கா.

மாணவி பட்டியலைக் காட்டினாள். வண்டக்கா ஒரு தடவை படித்தாள். பிறகு பழைய பதிவேட்டை எடுத்து, அந்தப் பதிமூன்றும் அன்று எந்தெந்த இடத்தில் கிடைத்தன என்று விரல் வைத்துத் தேடினாள். தோப்பு இரண்டு. தோப்பு ஐந்து. தோப்பில் வேறு எந்த இடத்திலும் இல்லை. பதிமூன்றுமே அந்த இரண்டு ஜாடிகளில் மட்டும்.

தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த இரண்டு ஜாடிகளை அவள் மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. நினைக்காமல் இருந்தாள், அவ்வளவுதான்.

பத்து வருடத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தபோது, கணவர் ஒரு கடையின் மாடியில் ஒயர் இழுக்கப்போய் ஏணியிலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பில் விரிசல். அந்த வாரம் முழுவதும் அவள் ஆஸ்பத்திரிக்கும் ஆய்வகத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். களத்திலிருந்து வந்த ஜாடிகளுக்கு லேபிள் எழுதும்போது பென்சில் முனை உடைந்துவிட்டது. சீவ நேரமில்லை. கைப்பையிலிருந்த பால்பாயிண்ட் பேனாவை எடுத்து கடைசி நாலு லேபிளையும் எழுதி ஜாடிக்குள் போட்டாள். ஆல்கஹாலில் அந்த மை கரைந்துவிடும் என்பது சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம். நாலு நாள் கழித்துத் திறந்தபோது காகிதம் வெள்ளையாகக் கிடந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பேனா அழுத்திய தடம் கொஞ்சம் தெரிந்தது. எண்கள் மட்டும். இரண்டு ஜாடியில் '2', இரண்டு ஜாடியில் '5'. முன்னால் எழுதியிருந்தது மேடா தோப்பா என்பது தெரியவில்லை.

ஜன்னல் பக்கம் வைத்தது மேடு, சுவர்ப் பக்கம் வைத்தது தோப்பு என்று அவளுக்கு ஞாபகம். ஞாபகம் என்று நினைத்தாள். புது லேபிள் எழுதிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒப்பந்த வேலை, வீட்டில் படுத்த படுக்கையாகக் கணவர், சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். அந்த நாளை வரவே இல்லை.

மறுநாள் வழக்கத்துக்கு முன்னாலேயே போய், கீழ்த்தட்டிலிருந்த பழைய ஜாடிகளை எடுத்து மேசையில் வைத்தாள். ஊசி குத்தியது போக மிச்சமிருந்த வண்டுகள் அந்த ஜாடிகளில்தான் இருந்தன. கிண்ணத்திலிருந்து அள்ளும்போது கூடவே வந்த மண்ணும் பொடியும் அடியில் படிந்திருந்தன. மேடு ஒன்று, மூன்று, நான்கு, ஆறு: அடியில் செம்மண். தோப்பு ஒன்று, மூன்று, நான்கு, ஆறு: கறுப்பு வண்டல். மீதி நாலு ஜாடிகளைக் கையில் எடுக்கவே அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. மேசை விளக்கை அருகே இழுத்து, கடைசியில் எடுத்தாள்.

'தோப்பு 2' ஜாடியில் செம்மண். 'தோப்பு 5' ஜாடியிலும் செம்மண். 'மேடு' என்று அவள் கைப்பட எழுதிய இரண்டிலும் கருகருவென்று வண்டல்.

ஆடுகிற நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பதிமூன்று இனமும் தோப்பில் அழியவில்லை. தோப்பில் அவை இருந்ததே இல்லை. மேட்டில் இருந்தன. தோப்பும் மேடும் கிட்டத்தட்ட ஒன்று என்று சொல்லி மேட்டை வெட்ட வைத்தது அவள் எழுதிய நாலு துண்டுக் காகிதம்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து கணவரிடம்தான் முதலில் சொன்னாள். அவர் ஒரு பழைய மின்விசிறியைப் பிரித்துத் தரையில் பரப்பியிருந்தார். முழுதும் கேட்டுவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் ஏணியில இருந்து விழுந்ததுக்கு ஒரு மேடே போச்சா?"

"விளையாடாதீங்க."

"விளையாடல. எனக்கு வேற எப்படிப் பேசுறதுன்னு தெரியல." கொஞ்ச நேரம் விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சொல்லிடப் போற, இல்ல?"

"சொல்லணும்."

"சொன்னா உன்னை என்ன பண்ணுவாங்க?"

"தெரியல."

"உன் தம்பிகிட்டயும் சொல்லணுமே" என்றார் அவர்.

பேராசிரியரிடம் சொல்ல மூன்று நாள் ஆனது. நாலு ஜாடிகளையும் ஒரு தட்டில் வைத்து அவர் அறைக்கே எடுத்துக்கொண்டு போனாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் ஜாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"அந்த ரெண்டு இடத்துல மட்டும் ஏன் இவ்வளவு இனம்னு அன்னிக்கே எனக்குத் தோணுச்சு" என்றார். "தோப்போட ஓரம், காத்துல பறந்து வந்திருக்கும்னு எழுதினேன். மேட்டுல ரெண்டு இடம் ஏன் மோசம்னா, மாடு மேயுதுன்னு எழுதினேன். எல்லாத்துக்கும் ஒரு காரணம் கையிலயே இருந்துச்சு."

"தப்பு என்னோடது சார்."

"உங்களோடதுதான். ஆனா கையெழுத்து என்னோடது." அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் தணிந்தது. "ஒண்ணு யோசிங்க. நாம இப்ப எழுதியிருக்கிறது என்ன சொல்லுது? தோப்பு வண்டுகளை அழிக்குதுன்னு சொல்லுது. அது உண்மைதானே? வழி வேற, முடிவு அதேதான். இது வந்தா வடக்குச் சரிவு பிழைக்கும். நீங்க சொல்றத வெளிய சொன்னா என்ன நடக்கும்? இவங்களுக்கு ஜாடிக்கு லேபிள் ஒட்டவே தெரியலன்னு கம்பெனி வக்கீல் சிரிப்பான். அப்புறம் நாம எதைச் சொன்னாலும் எடுபடாது. சரிவும் போயிடும்."

வண்டக்கா இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவார், துரத்துவார் என்றெல்லாம் நினைத்திருந்தாள். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றியதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. தலையாட்டிவிட்டு ஜாடிகளை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடலாம். மேடும் போச்சு, சரிவாவது மிஞ்சட்டும்.

"அந்தப் பதிமூணும் தோப்புல சாகல சார்" என்றாள் கடைசியில். "மேட்டுல செத்துச்சு. நாம இதை எழுதினா, மேட்டை வெட்டினதுல தப்பே இல்லைன்னுதான் இன்னமும் இருக்கும். அது பாட்டுக்குப் புத்தகத்துல இருக்கும். நாளைக்கு வேற ஒரு மேட்டுக்கு யாராவது அதையே எடுத்துக் காட்டுவாங்க."

"ஏற்கெனவே காட்டியாச்சு" என்றார் பேராசிரியர் நாற்காலியில் சரிந்து. "நாற்பத்தெட்டு பேர் அதை மேற்கோள் காட்டியிருக்காங்க."

அன்று எதுவும் முடிவாகவில்லை. வெளியே வந்தபோது மாணவி தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கதவு சாத்தியதைப் பார்த்தே ஏதோ விபரீதம் என்று தெரிந்திருக்க வேண்டும். வண்டக்கா அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போய், நாலு ஜாடிகளையும் முன்னால் வைத்துச் சொன்னாள். அவளது ஆய்வேட்டில் பாதி அந்த ஒப்பீட்டின் மேல்தான் நின்றது.

மாணவி லேப்டாப்பைத் திறந்து அந்தப் பட்டியலைப் பார்த்தாள். "ஏன்க்கா முன்னாடியே சொல்லல?" என்றாள்.

"பயம்."

"அஞ்சு மாசம் அந்தத் தோப்புல நடந்தேன்க்கா. அட்டை கடிச்சுக் காலெல்லாம் புண்ணு. நீங்கதான் மருந்து போட்டு விட்டீங்க."

மாணவி லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு படிக்கட்டில் எதிரே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தம்பியிடம் அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள். முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தான்.

"சரி, மாறிப்போச்சு. பத்து வருஷமாச்சு. மரம் வளர்ந்து ஒரு தடவை வெட்டியும் ஆச்சு. இப்ப எதுக்கு அதைக் கிளறணும்?"

"எழுதிக் கொடுக்கப் போறேன்."

சிரிப்பு போய்விட்டது. "எழுதிக் கொடுத்தா? அனுமதி செல்லாதுன்னு கேஸ் போட மாட்டாங்களா? பண்ணைய மூடிட்டா நான் எங்க போவேன்? எனக்கு இந்த ஒரு வேலைதான்க்கா தெரியும்."

"அப்படியெல்லாம் ஆகாது."

"ஆகாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? வண்டு தோப்புல இருக்குன்னும் நீதான் சொன்ன."

அவன் சொன்னது சுருக்கென்று தைத்தது. கணவர் எழுந்துவந்து, "டேய், உட்காருடா, பேசலாம்" என்றார். அவன் உட்காரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். அடுத்த ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. தம்பி மனைவி மட்டும் ஒரு தடவை எடுத்து, "அவரு கோவமா இருக்காரு அண்ணி, நான் என்ன செய்யட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வண்டக்கா மூன்று பக்கம் எழுதினாள். என்றைக்கு, எந்தப் பேனா, எத்தனை ஜாடி, எப்படி மாற்றினாள், எதற்காக மறைத்தாள், மண்ணை வைத்து எப்படித் தெரிந்துகொண்டாள் என்று ஒன்றுவிடாமல் எழுதினாள். கணவர் விழுந்ததை ஒரு வரியில் எழுதி, பிறகு அடித்துவிட்டாள். அது சாக்கு மாதிரி இருந்தது. பேராசிரியர் அந்த மூன்று பக்கத்தையும் ஒரு வாரம் மேசைமேல் வைத்திருந்தார். எட்டாம் நாள் அவளைக் கூப்பிட்டு, பழைய கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தைக் காட்டினார். கீழே அவர் கையெழுத்து இருந்தது.

"எனக்கு ஓய்வு பெற ரெண்டு வருஷம்தான் இருக்கு" என்றார். "இப்படிப் போகணும்னு நினைக்கல." கோபமா வருத்தமா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

பிறகு விசாரணை நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். வேறு எந்த லேபிளையாவது இப்படி மாற்றியிருக்கிறாயா என்று நாலு விதமாகக் கேட்டார்கள். இல்லை என்றாள். நம்பினார்களா என்று தெரியாது. வேலையை விட்டு நீக்கவில்லை. இனம் பிரிக்கும் பொறுப்பிலிருந்து எடுத்து, தரைத்தளத்துப் பதிவறைக்கு மாற்றினார்கள். பழைய கோப்புகளுக்கு எண் போட்டு அடுக்கும் வேலை. ஜன்னல் இல்லாத அறை. காலையில் படியேறப் போன கால் தானாகத் திரும்பிக்கொள்ள இரண்டு மாதம் ஆயிற்று. காவலாளி மட்டும் பழக்கதோஷத்தில் "வண்டக்கா" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

தம்பி பயந்த எதுவும் நடக்கவில்லை. தோப்பை யாரும் மூடவில்லை, பண்ணையை யாரும் தொடவில்லை. கொடுத்த அனுமதி கொடுத்ததுதான் என்று குழு ஒரு பத்தியில் முடித்துக்கொண்டது. ஆனால் தம்பி வரவில்லை. நடக்காத ஒன்றுக்காக இருவரும் பேசாமல் இருந்தார்கள்.

வடக்குச் சரிவுக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேச வண்டக்காவும் பெயர் கொடுத்தாள். யாரும் அவளை அழைக்கவில்லை, தானாகப் போனாள். ஒரு பள்ளிக்கூட மண்டபம். பிளாஸ்டிக் நாற்காலிகள், அடிக்கடி கீச்சிடும் மைக். தோப்பில் வேலை பார்ப்பவர்கள் பாதி மண்டபத்தை நிறைத்திருந்தார்கள். கடைசி வரிசையில் தம்பியும் இருந்தான். அவள் பார்த்தாள், அவன் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் ஜாடி மாறியதைச் சொன்னாள். மேட்டிலிருந்த பதிமூன்று இனத்துக்கு இனி மிச்சமிருக்கும் இடம் அந்தச் சரிவு மட்டும்தான் என்றாள். கம்பெனியின் வக்கீல் எழுந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, அது தப்புன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க. இன்னிக்குச் சொல்றத எதை வெச்சு நம்பறது?"

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். பேராசிரியர் எதைச் சொன்னாரோ அதுதான் நடந்துகொண்டிருந்தது. வண்டக்கா மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை நம்ப வேண்டாங்க. யாரையாவது அனுப்பிப் பாருங்க. நான் பக்கத்துலகூட வர மாட்டேன். பார்க்கிற வரைக்கும் வெட்டாம இருங்க, அவ்வளவுதான் கேக்கறேன்."

உருப்படியாகப் பேசவில்லை என்றே அவளுக்குத் தோன்றியது. ஆனால் குழுவின் முடிவு வந்தபோது அதில் அதுதான் இருந்தது. வேறொரு நிறுவனம் புதிதாகக் கணக்கெடுக்க வேண்டும், அதுவரை சரிவில் கை வைக்கக்கூடாது.

அந்தக் கணக்கெடுப்பு முடிய எட்டு மாதம் பிடித்தது. வண்டக்கா சொன்னபடி அந்தப் பக்கமே போகவில்லை. பதிவறையில் எண் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குப் போன் வந்தது. மாணவி. ஆய்வேட்டைப் புதிதாக எழுதுவதற்காக அந்த நிறுவனத்தோடு சேர்ந்து சரிவில் வேலை பார்த்திருந்தாள். ஒரு வருடத்துக்கும் மேலாக அவள் குரலையே வண்டக்கா கேட்கவில்லை.

"அக்கா, ரிப்போர்ட் கொடுத்தாச்சு. உங்ககிட்ட நானே சொல்லணும்னு தோணுச்சு. பதிமூணுல பத்து இருக்கு. சரிவுல இருக்கு."

"மிச்சம் மூணு?"

"நாலு தடவை போட்டுப் பார்த்தோம்க்கா. மழைக்கு முன்னாடி, மழைக்கு அப்புறம், எல்லாம் பார்த்தோம். கிடைக்கல."

"எந்த மூணு?"

மாணவி சொன்னாள். வண்டக்காவுக்கு மூன்றும் முகம் முகமாகத் தெரிந்தன. ஒன்று மிளகு அளவுதான் இருக்கும், முதுகில் பச்சை மினுக்கும். ஒன்றுக்கு நெற்றியில் ஒற்றைக் கொம்பு. மூன்றாவது சாதாரணக் கறுப்பு, பின்னங்காலின் வளைவை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அன்று மேட்டின் தெற்குப் பக்கத்தில் மட்டும் கிடைத்தவை. இரண்டாம் மாடியில் எந்த இழுப்பறையில், எந்த வரிசையில் நிற்கின்றன என்பதுவரை அவளுக்குத் தெரியும்.

"வேற எங்கயாவது இருக்கலாம்க்கா. யாரும் பார்க்காத இடத்துல" என்றாள் மாணவி.

"இருக்கலாம்" என்றாள் அவள். "ஆய்வேடு எப்படிப் போகுது?"

"முடியப்போகுது." சிறிது தயங்கி, "கால் புண்ணு ஆறிடுச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டக்கா பஸ் ஏறித் தம்பி வீட்டுக்குப் போனாள். கணவர் தானும் வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டாள். தம்பி மனைவி கதவைத் திறந்து, "வாங்க அண்ணி" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். தம்பி பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த சட்டையை உதறிப்போட்டு முடித்தபின் வந்து எதிரே உட்கார்ந்தான். இளைத்திருந்தான்.

"சரிவுக்கு அனுமதி இல்லைன்னு ஆயிடுமாம். பண்ணையில பேசிக்கிறாங்க" என்றான்.

"உன் வேலைக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. இருக்கிற தோப்புக்கே நாத்து போதாது."

பிறகு அவள் மூன்று வண்டுகள் கிடைக்கவில்லை என்றாள். அவன் எப்படி இருக்கும் என்று கேட்டான். சொன்னாள். அந்தப் பச்சை மினுக்கலைச் சொன்னபோது அவன் தலை நிமிர்ந்தது.

"அது நான் பார்த்திருக்கேன்."

"எங்கே?"

"மேட்டுலதான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம். தெற்குப் பக்கம் புதரை எடுத்துட்டு, ஆளுங்கள நிறுத்தி நாத்து நடக் குழி வெட்ட வெச்சது நான்தான். தோண்டத் தோண்டப் பொடிசு பொடிசா வெளிய வந்து ஓடுச்சு. பச்சையா மினுக்குச்சு. ஒருத்தன்கூட கேட்டான், இதெல்லாம் செத்துப்போகாதான்னு. எங்கக்கா இதைத்தான் படிக்குது, மரம் வெச்சாலும் இருக்கும்னு சொல்லியிருக்குன்னு சொன்னேன்." அவன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பெருமையாச் சொன்னேன்க்கா."

அவன் திட்டியிருந்தால் வண்டக்கா தாங்கியிருப்பாள். தரையில் பதித்திருந்த கல்லின் விரிசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தான்.

"எத்தனை குழி?" என்று அவள் கேட்டாள்.

"அந்தப் பக்கம் மட்டும் பதினோராயிரம்."

உள்ளேயிருந்து தம்பி மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். இருவரும் உடனே எழுந்திருக்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டபோது தம்பி, "வாக்கா, ஆறிடும்" என்றான். அவள் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனாள்.